நாலடி ஏழங்குலம்

கண்ணாடி மேசைமேல் விரித்த மஞ்சள் துணியில் மூன்று லென்ஸ்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன, பெண் பார்க்கப் போன வீட்டில் அக்கா தங்கை மூன்று பேரையும் ஒன்றாகக் கொண்டுவந்து உட்காரவைத்ததுபோல. எதைப் பார்ப்பது, எதைப் பார்க்காததுபோல இருப்பது என்று பசுபதிக்குத் தெரியவில்லை. குட்டையாகக் கறுப்பாக இருந்தது முப்பத்தைந்து. வெள்ளி நிறத்தில் நடுத்தரமாக இருந்தது ஐம்பது. டார்ச் லைட் உயரத்துக்கு நின்றது நூற்றிமுப்பத்தைந்து. எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. எண் ஏற ஏறத் தூரத்தில் இருப்பது கிட்டே வரும், எண் இறங்க இறங்க நாம்தான் கிட்டே போகவேண்டும், இவ்வளவுதான் இந்த வித்தை என்று அந்தோணிசாமி சொல்லியிருந்தார். கல்லூரி நூலகத்தில் பக்கத்து மேசைக்காரர். ஓய்வுபெற்று மகள் வீட்டோடு போகும்போது, ‘நீ வச்சுக்கப்பா’ என்று காமிராவைக் கையில் திணித்துவிட்டுப் போனார். நல்ல கனமான ரேஞ்ச்ஃபைண்டர் காமிரா. லென்ஸை மட்டும் வீடு மாறும்போது தொலைத்திருந்தார். இரண்டு மாதமாக அது வாயில்லாமல் பீரோவில் கிடந்தது. தெப்பக்குளத்துக்குப் பின்னால் சந்துக்குள் இருக்கும் இந்தக் கடைக்கு வர இரண்டு மாதம் ஆகியிருக்கிறது என்றால், வருகிற எண்ணம் இல்லை என்றுதான் அர்த்தம். இன்று அரை நாள் லீவு போட்டுக் காமிராவை எடுத்துக்கொண்டு வந்தான். சட்டைப்பையில் இரண்டாயிரம் ரூபாய். முப்பத்தைந்து மூவாயிரத்து ஐந்நூறு என்று நிஜாம் பாய் சொன்னதுமே அதைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டான். ஆனாலும் கண் போய்க்கொண்டுதான் இருந்தது. ஐம்பது ஆயிரத்து எண்ணூறு. நெட்டையன் தொள்ளாயிரம். ‘யாரும் கேக்கிறதில்ல சார் இத, அதான் விலை இறங்கிக் கெடக்குது’ என்றார் பாய். யாரும் கேட்காத சாமான் என்றதும் பசுபதிக்கு அதன்மேல் ஒரு பரிவு வந்தது. தொள்ளாயிரம் கொடுத்தாலும் ஃபிலிமுக்கும் கழுவுவதற்கும் மிச்சம் இருக்கும். அப்படிப் போட்ட கணக்கு பொய்க் கணக்கு என்று அவனுக்கே தெரியும். அதைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டதற்குக் காரணம் விலை இல்லை, தூரம்.

நூற்றிமுப்பத்தைந்து இருந்தால் சமையலறை நிலைப்படியில் நின்றே அப்பாவை எடுத்துவிடலாம். உறையூர் வீட்டின் முன்னறையில், எட்டடி அகல அறையில், ஜன்னலுக்கு முன்னால் அப்பாவின் நாற்காலி கிடக்கிறது. சமையலறையிலிருந்து பார்த்தால் அதில் அவருடைய ஒரு கன்னமும் ஒரு காதும் தெரியும். கேட்கவேண்டாம், சொல்லவேண்டாம், ‘இப்படிப் பாருங்க’ என்று வாயைத் திறக்கவேண்டாம். அவர் பேப்பர் படிப்பார், இவன் க்ளிக் செய்வான், முடிந்தது. ஆனால் காதை எடுத்து என்ன செய்வது. வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு ஆபரேஷன். குரல்வளையில் கட்டி, குரல்வளையையே எடுத்துவிடுவோம், கழுத்தில் ஒரு துளை இருக்கும், அதன் வழியாக மூச்சு விடுவார் என்று டாக்டர் காகிதத்தில் படம் வரைந்து கோமதியிடம் விளக்கியிருக்கிறார். கோமதி அந்தக் காகிதத்தை மடித்துக் கொண்டுவந்து கணவனிடம் காட்டினாள். ‘அதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கலாமா மாமா, ஸ்டுடியோவுக்குப் போலாமான்னு உங்கப்பாவைக் கேட்டேன். ஸ்டுடியோ வேணாம்னுட்டார்’ என்றாள். ‘அப்ப போட்டோ வேணாங்கிறார்’ என்றான் பசுபதி. ‘போட்டோ வேணாம்னு சொல்லல. ஸ்டுடியோ வேணாம்னுதான் சொன்னார்’ என்று சொல்லிவிட்டு அவள் அரிசி களைய உட்கார்ந்துவிட்டாள். அது ஞாயிற்றுக்கிழமை. இன்று செவ்வாய். இரண்டு நாளாக அந்த ஒரு வாக்கியம் பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத் துணுக்காக உறுத்திக்கொண்டிருக்கிறது. ஸ்டுடியோ வேண்டாம். மாடி ஏறவேண்டும், அதனால் வேண்டாமா. போட்டோவே வீண் செலவு என்று வேண்டாமா. இல்லை, வீட்டில் ஒருத்தன் பீரோவில் காமிராவைப் பூட்டிவைத்துக்கொண்டு இருக்கிறான் என்று தெரிந்து வேண்டாமா. அவருக்கு எப்படித் தெரியும். கோமதி சொல்லியிருப்பாள். அவள் எதைத்தான் சொல்லவில்லை.

‘மாட்டிப் பாருங்க சார், சும்மா கையில வச்சிருந்தா எப்படித் தெரியும்’ என்றார் பாய். நெட்டையனை வாங்கிவைத்துவிட்டு ஐம்பதை எடுத்து அவரே காமிராவில் திருகிக் கொடுத்தார். பசுபதி கண்ணில் வைத்துக்கொண்டான். கடை தெரிந்தது. வெயில் விழுந்த சந்து தெரிந்தது, எதிரே ஜெராக்ஸ் கடையில் நிற்கும் பெண் தெரிந்தாள். நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம். அந்தக் கட்டத்துக்குள் மட்டும் எல்லாம் இரண்டிரண்டாக இருந்தது, அந்தப் பெண்ணுக்கு இரண்டு மூக்கு. லென்ஸைத் திருகத் திருக இரண்டாவது மூக்கு நகர்ந்து வந்து முதல் மூக்கின்மேல் உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்துவிட்டால் ஃபோகஸ். நன்றாக வழுக்கிக்கொண்டு திரும்புகிறது, இறுக்கம் இல்லை, ஆட்டமும் இல்லை. ‘நல்லாத் தெரியுது பாய்’ என்றான். பாய் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையை நீட்டி லென்ஸின் முன்னால் இருந்த கறுப்பு மூடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ‘மூடி போட்டிருந்துச்சு சார். இந்த வகைக் காமிராவுல அது ஒரு தொல்ல. பாக்குற சன்னல் வேற, எடுக்குற கண்ணு வேற. மூடி இருந்தாலும் நமக்கு எல்லாம் பளிச்சுன்னு தெரியும். புதுசா வர்றவங்க எல்லாரும் ஏமாறுவாங்க.’ சின்னப் பிளாஸ்டிக் வட்டம். மேசைக் கண்ணாடிமேல் அது வைத்த சத்தம் ரொம்பக் குறைவு. பசுபதி காமிராவைக் கீழே வைத்தான். உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். புதுசா வர்றவங்க. பாய்க்கு என்ன தெரியும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் திருக்கடையூரில் இறங்கியபோதே போட்டோக்காரர்கள் வந்து மொய்த்துக்கொண்டார்கள். அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்களை வைத்துத்தான் அவர்களுக்குப் பிழைப்பு. கழுத்தில் ஆல்பத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு, ‘ஐயா, கலசம், தாலி, மாலை மாத்தறது எல்லாம் சேத்து ஒரே ரேட்டு’ என்று ஒருவர் அப்பாவின் கூடவே நடந்தார். அப்பா நின்று, ‘எங்க பையன் எடுக்கிறான்’ என்றார். அந்த ஆளிடம் மட்டும் இல்லை, அடுத்து வந்தவரிடமும், அதற்கடுத்து வந்தவரிடமும், கேட்காத தேங்காய்க் கடைக்காரரிடமும் சொன்னார். பொதுப்பணித்துறையில் ஓவர்சீயராக முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கிய மனுஷன், பெற்ற பிள்ளையைப் பற்றி வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொன்னது அன்றைக்குத்தான். பசுபதியின் கழுத்தில் மைத்துனனிடம் இரவல் வாங்கிய காமிரா, இதே வகை, உள்ளே முப்பத்தாறு படத்துக்கு ஃபிலிம். கோபுரத்தை ஒன்று எடுத்தான். வாசலில் நின்ற யானையை மூன்று கோணத்தில் எடுத்தான். மாலைக் கடையை ஒன்று. உள்ளே மண்டபத்தில் பதினாறு கலசத்தையும் வரிசையாக வைத்து அப்பாவையும் அம்மாவையும் மணையில் உட்காரவைத்தார்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் தண்ணீரை ஊற்றத் தயாராக நின்றார்கள். தண்ணீர் தெறிக்குமே, இரவல் லென்ஸாச்சே என்று அவன் மூடியை எடுத்துப் போட்டான். கவனமாகத்தான் போட்டான். அந்தக் கவனத்தைத்தான் அவனால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. அப்புறம் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார்கள். அம்மா மூச்சுத் திணறிச் சிரித்தாள். அவன் கண்ணில் காமிராவை வைத்தான், எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அம்மா கூறைப்புடவை மாற்றிக்கொண்டு வந்தது தெரிந்தது. அப்பா இரண்டாம் தடவை தாலி கட்டியது தெரிந்தது, மூன்று முடிச்சையும் மூன்றாக எடுத்தான். அம்மா ஓரக்கண்ணால் இவனைப் பார்த்து, ‘விழுந்துதாடா?’ என்று கேட்டாள். ‘எல்லாம் விழுந்துதும்மா’ என்றான்.

எதுவும் விழவில்லை. கழுவி வந்த ஃபிலிமில் ஐந்து கட்டத்தில் படம், மிச்சம் முப்பத்தொன்றும் வெறும் கண்ணாடி மாதிரி. அப்பா அதை ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்து ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தார், அளந்த சுவரை மறுபடி அளப்பதுபோல. அம்மாதான், ‘போனாப் போறது, எண்பதாம் கல்யாணத்துக்கு எடுத்துக்கலாம்’ என்று சொல்லி எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். எட்டு மாதத்தில் போய்விட்டாள். மாட்டுவதற்கு ஒரு படம் தேடியபோது வீட்டில் எங்கேயும் அம்மா இல்லை. கல்யாண க்ரூப் போட்டோக்களில் யாருடைய தோளுக்கோ பின்னால் பாதி நெற்றியாக இருந்தாள், அவ்வளவுதான். கடைசியில் ரேஷன் அட்டைப் படத்தைப் பெரிதுபண்ணினார்கள். பெரிதாக ஆக முகம் கரைந்து, அம்மா மாதிரியும் இருந்தது, வேறு யாரோ மாதிரியும் இருந்தது. அதை எங்கே மாட்டலாம் என்று பசுபதி ஆணியோடு நின்றுகொண்டிருந்தபோது அப்பா சொன்னார், ‘இதை எதுக்கு மாட்டற. யானை நல்லா விழுந்திருக்கே, அதை மாட்டு.’ கூட்டம் இருந்தது, யாரோ ஒருவர் தெரியாமல் சிரித்துவிட்டார். பசுபதி அம்மாவின் படத்தை முன்னறையில் மாட்டிவிட்டு இறங்கினான். அன்றோடு சரி. ஏழு வருஷம். சண்டை என்று எதுவும் கிடையாது. ஒரே வீடு, ஒரே சாம்பார். அவர் கோமதியிடம் சொல்வார், கோமதி இவனிடம் சொல்வாள், இவன் சொல்வதை அவள் அங்கே கொண்டுபோவாள். ஆபீஸிலிருந்து போன் செய்வதற்குக்கூட ஒரு ஏற்பாடு உண்டு. இரண்டு மணி அடிக்கவிட்டு வைத்துவிட்டு மறுபடி அடிக்கவேண்டும். அப்படி அடித்தால் அது பசுபதி, கோமதிதான் எடுப்பாள். அப்பா கைநீட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தாலும் தொடமாட்டார். வேறு யார் அடித்தாலும் அவர் எடுத்து, ‘வைத்தியலிங்கம் பேசறேன்’ என்பார். அந்தக் குரலை ஏழு வருஷமாகச் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். சில மாதமாக அதில் தகரத்தைத் தேய்க்கிற சத்தம் சேர்ந்துகொண்டது. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அதுவும் இருக்காது. பேசக்கூடாது என்று இருப்பது வேறு, பேச முடியாமல் இருப்பது வேறு. பசுபதிக்குப் பயமாக இருந்தது. லென்ஸ் வாங்குகிற கடையில் நின்றுகொண்டு இப்படிப் பயப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

‘இந்த நெட்டையையே குடுத்துடுங்க பாய்’ என்றான். பாய் அதை எடுக்கவில்லை. ‘யாரை எடுக்கப் போறீங்க சார்?’ ‘எங்கப்பாவை.’ ‘அப்பாவையா? அதுக்கு எதுக்கு இவ்ளோ தூரம் தள்ளிப் போவணும்?’ அவர் சாதாரணமாகத்தான் கேட்டார், சாமான் தெரிந்த மனுஷன் கேட்கிற கேள்வி. ‘இதுல ரெண்டரை மீட்டருக்குக் கிட்ட போவ முடியாது சார். ஃபோகஸும் வெடுக்கு வெடுக்குன்னு தவறும். முகம்னா அம்பதுதான். நேர் எதிர எடுத்தீங்கன்னா தோள் வரைக்கும் லட்சணமா வரும். ஒரே ஒரு விசயம், ஒரு மீட்டர் வேணும், மூணடி மூணங்குலம். அதுக்குக் கிட்ட போனா அந்தக் கட்டம் ஒண்ணு சேராது. எடம் இருக்குமில்ல?’ இடம் இருக்குமா. அதுதான் கேள்வி. நேர் எதிரே என்றால் முன்னறைச் சுவரில், அம்மா படத்துக்குக் கீழே, முதுகை ஒட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்காரவேண்டும். அந்த நாற்காலியை அப்பா அங்கே போட்டதே அந்தப் படத்துக்கு எதிரே உட்காரத்தான் என்பது வீட்டில் யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். யானையை மாட்டச் சொன்னவர்தான். ஏழு வருஷமாக அந்த நாற்காலி நகரவில்லை. சிமெண்டுத் தரையில் நான்கு காலுக்கும் நான்கு வட்டம் விழுந்திருக்கிறது. பெருக்கும்போது கோமதி கொஞ்சம் தள்ளிப்போட்டால்கூட, எழுந்துவந்து அந்த வட்டத்திலேயே திரும்பப் போட்டுவிட்டுத்தான் உட்காருவார். நாற்காலிக்கும் சுவருக்கும் எவ்வளவு இருக்கும். ஐந்தடியா, நாலரையா. இவன் தலை, ஸ்டூல், காமிராவின் தடிமன் எல்லாவற்றுக்கும் ஒன்றரை அடி போய்விடும். பத்தாவிட்டால் முப்பத்தைந்துதான். அது இன்றைக்கு முடியாது, வெள்ளிக்கிழமைக்குள்ளும் முடியாது. ‘வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுடுங்க சார், வாங்கிட்டுப் போய் பத்தலைன்னு நாளைக்கி நிக்காதீங்க’ என்று பாய் போனை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

கோமதி இருப்பாள், டேப்பை எடுத்து அளந்து சொல்வாள். எண்ணைச் சுழற்றினான். இரண்டு மணி. வைத்தான். மறுபடி சுழற்றினான். மூன்று, நான்கு, ஐந்து. கோமதி கொல்லையில் இருக்கிறாள்போல. ஏழு, எட்டு. வைத்துவிடலாம் என்று கையை இறக்கியபோது அந்தப் பக்கம் எடுத்தார்கள். யாரும் ஹலோ சொல்லவில்லை. மூச்சு கேட்டது, தகரம் தேய்கிற மூச்சு. வைத்தியலிங்கம் பேசறேன் என்று அது சொல்லவில்லை. இரண்டு மணி அடித்து நின்று மறுபடி அடித்தது யார் என்று தெரிந்துதான் எடுத்திருக்கிறார்.

‘கோமதி ரேஷன் கடைக்குப் போயிருக்கா’ என்றது அப்பாவின் குரல்.

சரி என்று சொல்லி வைத்துவிடலாம். ஏழு வருஷத்துக்கு அப்புறம் ஒரு வாக்கியம், அதுவும் ரேஷன் கடை. போதும், ஒரு நாளைக்கு இவ்வளவு போதும். பாய் ஐம்பதைத் துணியால் துடைத்துக்கொண்டே இவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

‘அப்பா, உங்க நாற்காலிக்கும் எதிர்ச் சுவருக்கும் எவ்வளவு தூரம் இருக்கும்?’

தெருவில் போன ஆட்டோவின் சத்தம் உறையூரிலிருந்து கம்பி வழியாகக் கேட்டது.

‘எங்கேர்ந்து? நாற்காலி முதுகுலேர்ந்தா, என் மூக்குலேர்ந்தா?’

‘மூக்குலேர்ந்துப்பா.’

ரிசீவரை மரப்பலகையில் வைக்கும் சத்தம். அலமாரி இழுப்பறை, அது எப்போதும் பாதியில் சிக்கும், சிக்கியது. இரும்பு டேப் விர்ரென்று நீண்டது. எப்படி அளக்கிறார். ஒரு முனையைச் சுவரில் யார் பிடிப்பார்கள். டேப் ஒரு தடவை பட்டென்று சுருண்டுகொண்டது, திரும்ப நீண்டது. ஆளில்லாத அறையில், நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா படத்துக்குக் கீழே ஒரு முனையை முட்டுக்கொடுத்து, மறு முனையைத் தன் மூக்கில் பிடித்துக்கொண்டிருக்கும் அப்பா. அந்த முகத்தை இப்போதே எடுக்கவேண்டும்போல இருந்தது. பசுபதி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டான். பாய் கேட்டார், ‘என்ன சார், லைன்ல இருக்காங்களா?’ தலையை மட்டும் ஆட்டினான்.

‘நாலடி ஏழங்குலம்’ என்றார் அப்பா. அரைக்கால் அங்குலம்கூட விடாதவர், சரியாகத்தான் இருக்கும்.

நாலடி ஏழங்குலத்தில் ஒன்றரை அடி போனால் மூன்றடி ஓர் அங்குலம். வேண்டியது மூன்றடி மூன்று. விரல்விட்டு இரண்டு தடவை எண்ணிப்பார்த்தான். எண்ணி முடிப்பதற்குள், பரவாயில்லை, பார்த்துக்கறேன் என்று சொல்லி வைத்துவிடத் தோன்றியது. அப்படிப் பார்த்துக்கொண்டதுதான் ஏழு வருஷம்.

‘பத்தலைப்பா. ரெண்டங்குலம் குறையுது.’

மறுபடி மூச்சு. எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

‘நாற்காலிய நகத்தவா?’

அந்த வீட்டில் அந்த நாற்காலியை யார் நகர்த்தச் சொல்வது.

‘நகத்துங்கப்பா.’

‘எவ்ளோ?’

‘ஒரு அடி. ஜன்னல் பக்கமா.’

‘ம்’ என்றார். ரிசீவரை மறுபடி பலகையில்தான் வைத்தார், தொலைபேசியில் வைக்கவில்லை. வைக்க மறந்தாரா, கேட்கட்டும் என்று விட்டாரா, தெரியவில்லை. தரையில் நாற்காலிக் கால்கள் இழுபடும் சத்தம் தெப்பக்குளம்வரைக்கும் கேட்டது. கிறீச்சென்று ஒரு தடவை. மூச்சு வாங்க நின்று, இன்னொரு தடவை.

பாய் ஐம்பதைக் காகிதத்தில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டார். மேசைமேல் கிடந்த மூடியைத் தேடி எடுத்து, ‘இதையும் வச்சுத் தர்றேன் சார்’ என்றார்.

‘அது வேணாம் பாய்.’

‘மூடி இல்லாட்டி லென்ஸுல தூசி படும் சார்.’

‘படட்டும்’ என்றான் பசுபதி.